தவமலருக்குப் பின்னால் வந்த கோபுரம்

சஸ்காச்சுவான் சமவெளியில் டோர்லி என்கிற ஊரின் தானியக் கோபுரம், எழுபத்தெட்டு வருடம் நின்ற இடத்தை விட்டு, யூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணி வெயிலில், ஒரு கலியாணமான பெண்ணுக்குப் பின்னால் நடந்து போனது என்று சொன்னால், அந்தச் சமவெளிச் சனம் கேட்கிற முதல் கேள்வி, "எந்தப் பக்கமாய்ப் போனது?" என்பதுதான். ஏனென்றால் அங்கே காற்று வந்து கூரையைக் கொண்டுபோகும், ஒரு கோடையில் கிடந்த ஏரி மறு கோடையில் கிடக்காது, ரயில்பாதையையே ஒருநாள் ஆட்கள் வந்து பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டிக்கொண்டு போனார்கள். போகிறது போகும் என்பதில் அவர்களுக்கு வியப்பில்லை, திசைதான் வேண்டும். மேற்கே போனது. தவமலர் மேற்கே போனாள், அதனால்.

தவமலர் ரொறன்ரோ நகரத்து ஸ்காபறோவில் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் வேலை செய்கிறவள். அவள் கணவர் யோகநாயகம் பதினெட்டு வருடம் ரொறன்ரோவுக்கும் கல்கரிக்கும் இடையில் பெரிய ட்ரக் ஓட்டியவர்; இடுப்பு நோவு தாங்காமல் அந்த வசந்தத்தில்தான் ஓட்டத்தை விட்டார். விட்ட கையோடு, தன் மச்சானின், உள்ளே சமைத்துப் படுக்கிற ட்ரெய்லரை இரவல் வாங்கி, பிக்கப்புக்குப் பின்னால் கொழுவி, "நான் பாத்த இடமெல்லாம் உமக்குக் காட்டுறன் வாரும்" என்று மனுசியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். உண்மையில் அவர் எந்த இடத்தையும் பார்க்கவில்லை, கடந்துதான் போயிருந்தார். ஆனாலும் சஸ்காச்சுவான் முழுக்கத் தன்னுடைய காணி என்கிற மாதிரி, "இனி ஒரு வளைவு வரும் பாரும்", "இனி ஒரு ஏத்தம் வரும் பாரும்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். வளைவும் ஏற்றமும் அவர் சொன்னபடி வந்தன. தவமலர் "ஓம், ஓம்" என்று சொல்லிச் சொல்லி நித்திரையாகிப் போனாள்.

அவள் கண் விழித்தபோது, மஞ்சளும் பச்சையுமாய் விரித்துப் போட்ட வயல்களுக்கு அந்தப் பக்கம், வானம் தரையில் முட்டுகிற கோட்டில், அடி அகன்று தோள் சரிந்து உச்சி ஒடுங்கி ஒன்று தனியாக எழும்பி நின்றது. அரைத் தூக்கத்தில் அவள் செருப்பைக் கழற்றினாள், சீற்றில் நிமிர்ந்து இருந்தாள், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.

யோகநாயகம் சிரித்ததில் பிக்கப் ஒருமுறை கோட்டைத் தாண்டித் திரும்பியது.

"உது கோயில் கோபுரம் இல்லையப்பா. எலிவேட்டர்."

"லிஃப்ற்றோ? இந்த வெளியில ஆர் ஏறிப் போறது?"

"கோதுமை. கோதுமையை மேல ஏத்தி ரயில்ல கொட்டுறது. இப்ப ரயிலும் இல்லை, கோதுமையும் இல்லை. சும்மா வெறும் பெட்டி. பெட்டியைக் கும்பிட்ட முதல் ஆள் நீர்தான்."

தவமலருக்கு வெட்கமாய்ப் போயிற்று. ஆனால் கையை இறக்காமலே சொன்னாள், "கும்பிட்டது கும்பிட்டதுதான். திருப்பி எடுக்கேலுமே?"

அன்று அவர்கள் டோர்லியிலேயே தங்கினார்கள். நாற்பத்துமூன்று பேர் இருக்கிற ஊர். ஒரு தபால்நிலையம், ஒரு பேஸ்போல் மைதானம், மைதானத்தின் ஓரத்தில் ட்ரெய்லர்கள் நிறுத்துகிற புல்வெளி. தவமலர் மாலை வெயிலில் கோபுரத்தின் அடிவரை நடந்துபோய், உரிந்துபோன வெள்ளை எழுத்தில் எழுதியிருந்த ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு வந்தாள். அவ்வளவுதான் நடந்தது. எழுபத்தெட்டு வருடத்தில் அந்தக் கோபுரத்தில் ஏறியவர்கள் உண்டு, இறங்கியவர்கள் உண்டு, அதை விற்றவர்கள் உண்டு, வாங்கியவர்கள் உண்டு. அதைக் கண்டு செருப்பைக் கழற்றியவர் ஒருவரும் இல்லை. மறுநாள் காலை ட்ரெய்லர் புறப்பட்டபோது கோபுரமும் புறப்பட்டது.

யோகநாயகம்தான் முதலில் கண்டார். வேகத்தைக் கூட்டினார், அதுவும் கூட்டியது. குறைத்தார், அதுவும் குறைத்தது. நெடுஞ்சாலையில் ஏறாமல் வயலுக்குள்ளால், கோதுமைக்கதிர்கள் விலகி வழிவிட வழிவிட, ஒரு கதிரும் சாயாமல் வந்தது. பிக்கப் நிற்கவேண்டிய சந்தியில் அதுவும் நின்றது. பிக்கப் இடப்பக்கம் திரும்பினால் கோபுரத்தின் இடப்பக்கத்துப் புறாக்கள் மட்டும் எழும்பிப் பறந்தன, வலப்பக்கம் திரும்பினால் வலப்பக்கத்துப் புறாக்கள். பின்னால் வந்த வண்டிக்காரர்களுக்கு அதைவிடத் தெளிவான சிக்னல் தேவைப்படவில்லை.

"உம்மட ஆள் வருது," என்றார் யோகநாயகம்.

தவமலர் திரும்பிப் பார்த்தாள். "பாவம். தனிய நிண்டு அலுத்துப்போச்சாக்கும்."

"நானும் பதினெட்டு வருசம் தனியத்தான் ஓடினனான். பாவம் எண்டு ஒருக்காச் சொன்னனீரோ?" என்று கேட்க வாயெடுத்து, யோகநாயகம் ரேடியோவைப் போட்டார்.

அடுத்த ஊர் பெட்டிக்ரூ. அங்கே தங்குமிடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி படிவத்தை எடுத்து, வாகனம் ஒன்று, ட்ரெய்லர் ஒன்று, மற்றவை ஒன்று என்று நிரப்பி, மற்றவைக்கு மின்சார இணைப்பு வேண்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்றதும் ஏழாம் இலக்க இடத்தைக் கொடுத்து, பத்து மணிக்குப் பிறகு அதன் நிழல் தன் தக்காளிப் பாத்தியில் விழக்கூடாது என்று மட்டும் சொன்னாள். விழவில்லை. பெட்டிக்ரூவின் சொந்தக் கோபுரத்தை இருபத்தைந்து வருடத்துக்கு முன்னரே இடித்துவிட்டிருந்தார்கள். அதன் பின் அந்த ஊரில் உயரமான பொருள் என்றால் கொடிக்கம்பம்தான். ஊர்க் கிழவர்கள் மடக்குக் கதிரைகளோடு வந்து, கோபுரத்தின் நிழலில் வரிசையாக இருந்து, தங்கள் ஊர்க் கோபுரம் இதைவிட நாலு அடி உயரம் என்று பொய் சொன்னார்கள். அந்தப் பொய்யை யாரும் மறுக்காததில் அவர்களுக்கு ஒரே மகிழ்ச்சி.

ஆனால் நிழல் கிழவர்களுக்காக விழவில்லை. தவமலர் கதிரையைப் போட்டு மரக்கறி வெட்ட இருந்தால் நிழல் அவள்மேல் வரும். வெயில் நகர நகர, கோபுரம் அங்குலம் அங்குலமாகத் தன்னை நகர்த்தி அவளை நிழலுக்குள்ளேயே வைத்திருக்கும். யோகநாயகம் தன் கதிரையை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டால், நிழல் மடித்த சேலைபோல ஒடுங்கி, அவருடைய தலையை மட்டும் வெயிலில் விட்டுவிடும். அவர் அந்தப் பக்கம் மாறிப் போட்டுப் பார்த்தார், தலை வெயிலில். இந்தப் பக்கம் போட்டார், தலை வெயிலில். மனுசிக்குப் பின்னால் போட்டார். அப்போது முழங்காலிலிருந்து கீழே மட்டும் நிழல் கிடைத்தது.

"வேணுமெண்டு செய்யுது பாரும்," என்றார்.

"உங்களுக்குத் தொப்பி இருக்குத்தானே."

மூன்றாம் நாளில் தவமலர் அதனோடு கதைக்கத் தொடங்கியிருந்தாள். கத்தரிக்காய் இங்கே கசக்கிறது என்றாள், தங்கச்சி மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு வாங்கிய சேலையின் கரை சாயம் போனதைச் சொன்னாள், பள்ளிக்கூடத்து மேலாளர் தன்னை மட்டும் பாத்திரம் கழுவ விடுகிறதைச் சொன்னாள். யோகநாயகம் ட்ரெய்லர் யன்னலுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இதில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது.

"எனக்கு ஏன் உதெல்லாம் சொல்லேல்லை?"

"அது கேக்குது."

"நான் கேக்கேலையோ?"

"நீங்கள் ரேடியோ கேக்கிறியள்."

அன்றைக்கு யோகநாயகம் ரேடியோவைப் போடவில்லை. முகம் வழித்து, சென்ற் பூசி, கலியாணவீடுகளுக்குப் போடுகிற மெல்லிய நீலச் சேட்டைப் போட்டுக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்தபடி ட்ரெய்லரைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். ஐந்தடி நாலங்குலம் அவர். கோபுரம் எண்பதடி. தவமலர் அவரைப் பார்த்து, "ஆரும் வருகினமோ?" என்று கேட்டாள்.

பெட்டிக்ரூவுக்குக் கோபுரம் வந்த சேதி பக்கத்து ஊரான மார்ஜரிக்குப் போனதும் மார்ஜரிக்குத் தூக்கம் போயிற்று. அவர்களுக்கும் கோபுரம் இல்லை. அவர்கள் துணியில் தவமலரின் பெயரை எழுதி, நடுவில் ஓர் எழுத்தைத் தவறவிட்டு, தெருவுக்குக் குறுக்கே கட்டி, அவளை விருந்துக்குக் கூப்பிட்டார்கள். ட்ரெய்லர் மார்ஜரிக்குப் போக, கோபுரமும் போக, பெட்டிக்ரூக் கிழவர்கள் மடக்குக் கதிரைகளோடு வெயிலில் எழும்பி நின்றார்கள். மார்ஜரியில் இரண்டு தேவாலயம். கோபுரம் லூத்தரனா கத்தோலிக்கமா என்று இரண்டு பக்கத்துப் பெண்களும் அப்பம் சுட்டபடியே ஒரு முழுப் பகல் கதைத்துவிட்டு, கடைசியில் தவமலரிடமே வந்து கேட்டார்கள். நாங்கள் சைவம் என்றாள் அவள். ஆங்கிலத்தில் அதற்குச் சொல் தடுமாறி, சாப்பாட்டைச் சொல்கிற சொல்லைச் சொல்லிவிட்டாள். அப்படியென்றால் சரி என்று ஒப்புக்கொண்டு, அன்றைய விருந்தில் எல்லோருக்கும் மாட்டிறைச்சி சுட்டபோது, கோபுரத்தின் அடியில் அதன் பங்குக்குச் சோளம் மட்டும் வைத்தார்கள்.

"பாத்தீரோ, எனக்கு ஒரு சோளப்பொத்தி தரேல்லை," என்றார் யோகநாயகம். "நானும் சைவம்தான்."

ஆறாம் நாள் டோர்லியின் மேயர் ஹில்டா வந்தாள். எழுபது வயது, தபால்நிலையத்தைத் திறப்பவளும் பேஸ்போல் மைதானத்துப் புல் வெட்டுபவளும் அவள்தான். கோபமாக வரவில்லை, களைத்துப்போய் வந்தாள். கோபுரம் போனதிலிருந்து டோர்லியின் ஆட்களுக்கு டோர்லியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றாள். கடைக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது ஊரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வெளியில் எங்கே திரும்புவது என்று தெரியவில்லை. அவளே தன் சொந்த வீட்டை மூன்று முறை கடந்து போயிருக்கிறாள். மூன்றாம் முறை தன் நாய் தெருவில் நின்று தன்னைப் பார்த்துக் குரைத்ததால்தான் நிறுத்தினாள்.

"உங்களுக்குப் பின்னால் வந்தது. நீங்கள் சொன்னால் போகும்," என்றாள்.

தவமலருக்கு மனம் இளகிவிட்டது. கோபுரத்துக்கு முன்னால் போய் நின்று, "பாவம் அந்தச் சனம், வீடு வாசல் தெரியாமல் நிக்குதுகள். போயிட்டு வா," என்றாள்.

கோபுரம் போனது. மார்ஜரி முழுக்கத் தெருவில் நின்று கையசைத்தது. தேத்தண்ணி நேரத்துக்குக் கோபுரம் திரும்பி வந்தது.

மறுபடி சொன்னாள், மறுபடி போனது, தேத்தண்ணிப் பாத்திரத்தைக் கழுவுவதற்குள் வந்தது. மூன்றாம் முறை ஹில்டா தன் பிக்கப்பை முன்னால் விட்டு வழிகாட்டிப் போனாள். அப்போதும், பாதி வழியில், புறாக்கள் இரண்டு பக்கமும் ஒன்றாக எழும்ப, அது நின்ற நிலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டது.

"உண்மையில் இவ அதற்கு என்னதான் சொல்கிறா?" என்று ஹில்டா கேட்டாள்.

யோகநாயகத்துக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் நெஞ்சுக்குள் ஒன்று கடித்தது. "போயிட்டு வா எண்டு சொல்லுறா. போ, போனபின் திரும்பி வா எண்டு அர்த்தம்."

"அப்படியானால் அந்த இரண்டாவது சொல்லை விடச் சொல்லுங்கள்."

தவமலர் தலையை ஆட்டினாள். "வாசல்ல நிக்கிற ஒண்டைப் பாத்துப் போ எண்டு மட்டும் சொல்ல என்ர வாய் வராது."

"எனக்கெண்டால் சொல்லுவீர்," என்றார் யோகநாயகம்.

"உங்களுக்கும் சொன்னதில்லை. பதினெட்டு வருசமா ஒவ்வொரு ஓட்டத்துக்கும் போயிட்டு வாங்கோ எண்டுதான் சொன்னனான். அதாலதான் வந்து சேந்தனீங்கள்."

யோகநாயகம் தானே போய் நின்று "போ" என்றார். "போ, போ, போ" என்றார். கல்லைத் தூக்குவதுபோலக் குனிந்தும் காட்டினார். எழுபத்தெட்டு வருடம் ஆங்கிலம், உக்ரேனிய மொழி, ஜெர்மன் எல்லாம் கேட்டும் அசையாத கோபுரம், தமிழுக்கும் அவர் வாயில் அசையவில்லை. ஒரு புறா மட்டும் அவருடைய நீலச் சேட்டில் எச்சம் போட்டது.

அப்போது ஹில்டா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: கோபுரம் நின்ற இடத்துக்கு எதிரே மஞ்சள் கதவு போட்ட வீடு ஒன்று வெறுமையாகக் கிடக்கிறது, கோபுரத்தை அனுப்ப முடியாவிட்டால் நீங்கள் வந்து இருங்கள், நீங்கள் இருந்தால் அதுவும் இருக்கும். அவள் சொன்னது ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் 'யூ' என்றால் ஒருத்திக்கும் அதுதான், ஊருக்கும் அதுதான். அந்த 'யூ' ஒன்றா இரண்டா என்று யோகநாயகம் ஹில்டாவின் முகத்தில் தேடிக்கொண்டிருக்கும்போதே தவமலர் பதில் சொன்னாள்: "யோசிச்சுச் சொல்லுறன்."

யோசிப்பம் என்று இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்லவில்லை. யோசிச்சுச் சொல்லுறன் என்றாள். கலியாணம் முடித்து இருபத்திமூன்று வருடத்தில் யோகநாயகத்தின் காதில் விழுந்த சொற்களில் அதைப்போலப் பாரமான ஒன்று இல்லை. அதைச் சுமந்துகொண்டு இரண்டு நாள் நடந்தார். மஞ்சள் கதவு, உள்ளே மனுசி கத்தரிக்காய் வெட்டுகிறாள், யன்னலுக்கு வெளியே எண்பதடி உயரத்துக்கு ஒருவன் நின்று நிழல் தருகிறான், ஸ்காபறோவில் தான் ரேடியோவைக் கேட்டபடி தகரப்பேணியைத் திறந்து ரின்மீன் சாப்பிடுகிறார்.

ஒன்பதாம் நாள், பின்னேரம் மூன்று மணிக்கு, தவமலர் உடுப்புகளைக் கூடையில் போட்டுக்கொண்டு மார்ஜரியின் துணி துவைக்கும் கடைக்குப் போனாள். அவள் தெருமுனை திரும்பியதும் யோகநாயகம் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கோபுரத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"டேய்," என்றார்.

கோபுரம் கேட்டதா என்று தெரியாது. அவர் நிறுத்தவில்லை.

"பதினெட்டு வருசம். மாசத்தில நாலு தரம். கல்கரிக்குப் போகேக்க நீ வலப்பக்கம், திரும்பி வரேக்க இடப்பக்கம். பனி கொட்டி ரோட்டே தெரியாத நாளில உன்ர தலையைக் கண்டாத்தான் எனக்கு மூச்சு வரும். உன்னைக் கண்டால்தான் தண்ணிப் போத்திலைத் திறப்பன், உன்னைத் தாண்டினால்தான் சாப்பிடுவன். அம்மா செத்த செய்தி ஃபோனில வந்தது உனக்கு முன்னால வைச்சு. ட்ரக்கை ஓரத்தில விட்டிட்டு ரெண்டு மணித்தியாலம் உன்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். நீ அசைஞ்சியோ? ஒரு அடி எடுத்து வைச்சியோ? அவள் நித்திரைத் தூக்கத்தில ஒருக்காக் கையைத் தூக்கினாள். ஒரே ஒருக்கா. அவளுக்குப் பின்னால வந்திட்டாய். நான் ஆர் உனக்கு?"

பின்னால் கூடை நிலத்தில் விழுந்தது. தவமலர் சோப்புத்தூளை மறந்துவிட்டு அதை எடுக்கத் திரும்பி வந்திருந்தாள்.

அவள் கோபுரத்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள்.

"மாமி செத்தண்டைக்கு நானும் ஃபோன் எடுத்தனான். என்ன சொன்னனீங்கள்?"

யோகநாயகம் குனிந்து, எறிந்த தொப்பியைத் தேடினார்.

"'ஓடிக்கொண்டிருக்கிறன், வந்து கதைக்கிறன்' எண்டனீங்கள். ஓடிக்கொண்டிருக்கேல்லை. இதுக்கு முன்னால இருந்திருக்கிறியள்."

"அது சும்மா ரோட்டோரத்தில..."

"ரெண்டு மணித்தியாலம்!"

"மலர், உது ஒரு பெட்டி..."

"இப்ப பெட்டியோ? அண்டைக்கு முகம், இப்ப பெட்டியோ? வீட்டை வந்தும் கதைக்கேல்லை நீங்கள். நான் சோத்தைப் போட்டிட்டு ஒரு கிழமையா வாயைப் பாத்துக்கொண்டு இருந்தன், இந்த மனுசன் அழாதோ எண்டு. அழுது முடிச்சிட்டுத்தான் வந்திருக்கிறியள்."

ஒன்பது நாளாக யோகநாயகத்தின் நெஞ்சில் குந்தியிருந்தது எழும்பி, இரண்டடி நடந்து, தவமலரின் நெஞ்சில் போய்க் குந்தியது. அது மாறிக் குந்தியதை மார்ஜரித் தெருவில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். தமிழ் தெரியாத லூத்தரன்காரிகள்கூட ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

தவமலர் கோபுரத்தின் பக்கம் திரும்பினாள். அடியிலிருந்து உச்சிவரை ஒருமுறை பார்த்தாள். சேலைத்தலைப்பு இல்லாத இடுப்பில் இல்லாத தலைப்பைச் செருகினாள்.

"போ," என்றாள்.

அவ்வளவுதான், ஒற்றை எழுத்து. அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை.

முதலில் நிழல் போனது. ஒன்பது நாளில் முதல் முறையாகத் தவமலரின் தலையில் வெயில் விழுந்தது, யோகநாயகத்தின் தலையிலும் விழுந்தது. பிறகு புறாக்கள் எழும்பின. பிறகு கோபுரம், அவசரப்படாமல், ஒரு கதிரும் சாயாமல், கிழக்கே போனது. அன்று தேத்தண்ணிக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மார்ஜரிக்காரர் துணியை அவிழ்த்து மடித்து வைத்தார்கள்.

டோர்லியில் அது இப்போதும் நிற்கிறது, பழைய அத்திவாரத்திலிருந்து நாற்பது அடி தள்ளி, பெயர் எழுதிய பக்கத்தை நெடுஞ்சாலைக்குக் காட்டாமல் திருப்பி வைத்துக்கொண்டு. அதற்கு இடம் விட்டு மைதானத்து வேலியை நகர்த்தினார்கள், அது குறித்து ஊர்க்கூட்டத்தில் ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. வழி கேட்கிறவர்களுக்கு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற கோபுரத்தில் திரும்பு என்கிறார்கள். ஒருவரும் தவறவிடுவதில்லை.

ட்ரெய்லர் மேற்கே போய்க்கொண்டிருந்தது.

"அந்த மஞ்சள் கதவு வீடு?" என்று யோகநாயகம் மெல்லக் கேட்டார்.

"வரேல்லை எண்டு ஹில்டாவுக்குச் சொல்லிப்போட்டன்."

"ஏன்?"

"உங்களை இனி இந்த ரோட்டில தனிய விடேலாது."

யோகநாயகம் ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சிரிப்பு வந்தால் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்தார்.

"வேற என்னென்ன பாத்தனீங்கள்? பதினெட்டு வருசத்தில."

"ஒண்டும் இல்லை."

"சொல்லுங்கோ."

"ஒரு உப்புத்தண்ணி ஏரி. விடியக்காலையில றோஸ் நிறமா இருக்கும்."

"ம்."

"பிறகு ஒரு தண்ணித்தாங்கி. ஒரு குதிரை, வேலிக்கு மேலால தலையைப் போட்டுக்கொண்டு நிக்கும். பிறகு ஒரு கோப்பிக்கடை. அங்க ஒருத்தி இருந்தவள், நான் கேக்காமலே சீனி ரெண்டு கரண்டி போடுவாள். பேர் மறந்துபோச்சு."

"மறந்துபோச்சோ?"

"...மறக்கேல்லை."

"எங்க இருக்கு அந்தக் கடை?"

"அதைத் தாண்டி வந்திட்டம். தொண்ணூறு கிலோமீற்றர் பின்னால."

"திருப்புங்கோ."

இரண்டு பக்கமும் கோதுமையைத் தவிர வேறொன்றும் இல்லாத அந்த வெளியில், நீளமான ட்ரெய்லரோடு ஒரு வண்டியைத் திருப்புவது லேசான வேலை அல்ல. இடுப்பு நோகும், கழுத்து நோகும், மூன்றுதரம் முன்னும் பின்னும் எடுக்கவேண்டும். யோகநாயகம் மூன்றுதரமும் எடுத்தார். பதினெட்டு வருடத்தில் அவ்வளவு சந்தோசமாக அவர் ஒரு வண்டியைத் திருப்பியதில்லை.